பட்டாளத்துச்சாமி

எழுமலைக்கு மேற்கே இரண்டு மைலில் இருந்த அந்த ஊரின் ஓராசிரியர் பள்ளிக்கூடத்தில் நான் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். பாடம் சொல்லிக்கொடுத்ததைவிடக் கடுதாசி வாசித்துக் காட்டியதுதான் அதிகம். வீட்டுக்கு ஒரு பிள்ளை பட்டாளத்தில் இருந்த ஊர் அது. தபால்காரர் பள்ளிக்கூடத்தோடு நின்றுகொள்வார். மொத்தக் கடுதாசியையும் என் மேஜையில் போட்டுவிட்டு சைக்கிளைத் திருப்பிவிடுவார். நல்ல செய்தி என்றால் எனக்கு ஒரு சொம்பு மோர் வரும். கெட்ட செய்தி என்றால், ஏதோ அதை நானே உட்கார்ந்து எழுதியதுபோல், பத்து நாளைக்கு என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள்.

மதுரையில் மகாலுக்குப் பின்னால், தறிச் சத்தத்துக்கு நடுவே, வீட்டில் சௌராஷ்டிரம் பேசி வளர்ந்தவன் நான். அந்த ஊர்ப் பேச்சு எனக்குப் பிடிபட ஆறு மாசம் ஆனது. வெங்கடசுப்பிரமணியன் என்ற என் பெயர் அவர்கள் வாயில் நுழையவே இல்லை. 'வெங்குடு சார்' என்று முடித்துக்கொண்டார்கள். நானும் பழகிக்கொண்டேன்.

எழுபத்திரண்டாம் வருஷம் தை மாசக் கடைசியில் உக்கிரபாண்டி பெயருக்கு ஒரு இன்லண்டு கடுதாசி வந்தது. சொல்லியனுப்பினேன். களத்தில் துவரை அடித்துக்கொண்டிருந்தவர், தலைத்துண்டிலும் மீசையிலும் தூசியோடு வந்து நின்றார். நாற்பத்திரண்டு வயசு. பெரிய உடம்பு, சின்னக் குரல். "வாசிங்க சார்" என்று சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்தார்.

வாசித்தேன். 'அன்புள்ள தம்பி உக்கிரபாண்டிக்கு அண்ணன் காளை எழுதிக்கொள்வது. நான் நலம். மலேயாவில் இனிமேல் வேலைச்சீட்டு கிடையாது என்று சொல்லிக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். நாகப்பட்டினத்தில் இறங்கியிருக்கிறேன். கால் வீக்கம் வடிந்ததும் ஊருக்கு வருகிறேன். ஆத்தா இருந்தால் சொல்லவும்.'

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"எந்தக் காளை?" என்றார்.

"உங்க அண்ணன்னுதான் போட்டிருக்கு."

"எங்கண்ணன் சாமியில்ல சார்?"

அந்த ஊரில் இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. உக்கிரபாண்டியின் அண்ணன் காளை, கண்மாய் நிறையாத ஒரு வருஷம், பத்தொன்பது வயசில், கங்காணி ஒருவரோடு மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். போன இடத்தில் ஜப்பான்காரன் வந்தான், சண்டை வந்தது, ஐ.என்.ஏ. பட்டாளத்தில் சேர்ந்தார். நாற்பத்தாறாம் வருஷம், அதே பட்டாளத்தில் இருந்த, மதுரைப் பக்கத்துப் பரவை ஊர்க்காரர் ஒருவர் ஊர் தேடி வந்து ஒரு காக்கிச் சட்டையையும் ஒரு அலுமினியக் குவளையையும் கொடுத்துவிட்டு, பர்மாவில் ஐராவதி ஆற்றங்கரையில் காய்ச்சலில் காளை போய்விட்டதாகச் சொன்னார். அவர்களுடைய ஆத்தா அந்த வருஷத்தைத் தாண்டவில்லை.

அடுத்த மாசியில் உக்கிரபாண்டிக்குப் பதினேழு வயசு. வயலில் நின்றவன் திடீரென்று உடம்பு உதறி, "தண்ணி குடுங்கடா, இருவது நாளா நடக்குறேன்டா" என்று கத்தினானாம். உடுக்கடித்துக் குறி சொல்லும் கோடாங்கியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அடக்கம் பண்ணாத ஆள், இடம் கேட்கிறான் என்று கோடாங்கி சொன்னார். நிலத்தின் ஓரத்தில் உடைமரத்தடியில் ஒரு கல்லை ஊன்றினார்கள். சட்டையையும் குவளையையும் ஒரு மூங்கில் பெட்டியில் வைத்தார்கள். வருஷா வருஷம் மாசிப்பச்சைத் திருவிழாவின் மூன்றாம் நாள் மத்தியானம் அந்தப் பெட்டியைத் திறந்து படையல் போடுவார்கள். உக்கிரபாண்டி மேல் அண்ணன் இறங்கி வருவார், குறி சொல்வார். பட்டாளத்துச்சாமி என்று பெயர். பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய தாய்மார்கள் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்து மரத்தில் மஞ்சள் துணி கட்டிவிட்டுப் போவார்கள். போன கார்த்திகையில் பாகிஸ்தானோடு சண்டை மூண்டபோது கட்டிய பதினோரு துணிகள் இன்னும் மரத்தில் புதுசாகவே இருந்தன.

உக்கிரபாண்டி கடுதாசியை என் கையிலிருந்து வாங்கி, எட்டாய் மடித்து மடியில் செருகினார். "எவனோ பேரை வச்சு ஏமாத்துறான். யாருட்டயும் சொல்லாதீங்க சார்" என்றார். நான் சொல்லவில்லை. அவர் எழுந்து போனபோது துண்டை மறந்து வைத்துவிட்டுப் போனதை மட்டும் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து, ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, எழுமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு ஆள் நடந்தே வந்தார். ஊருக்கு முதலில் பள்ளிக்கூடம் என்பதால் என்னிடம்தான் தண்ணீர் கேட்டார். பல் முக்கால்வாசி இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரை இடது பக்கம் முழுக்கப் பழைய தீக்காயம். ஐம்பத்து மூன்று வயசுக்கு எழுபது சொல்லலாம். நின்றால் வலது கால் தன்பாட்டுக்கு நடுங்கியது. தண்ணீரைக் குடித்துவிட்டு, "உக்கிரபாண்டி வீடு அங்கனதான் இருக்கா?" என்று கேட்டார். அந்த 'அங்கன' அந்த ஊர் வாய்ப்பேச்சு; கடுதாசி அனுப்பியவர் இவர்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அவரை உள்ளே உட்காரவைத்து, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நானே போய் உக்கிரபாண்டியையும் அவர் மனைவி ராக்கம்மாளையும் கூட்டிவந்தேன். உக்கிரபாண்டி வாசலிலேயே நின்றார்.

"எங்கண்ணன் போகையில எனக்கு எட்டு வயசு. மொகம் நெனப்பில்ல. நீங்க யாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

வந்தவர் கோபப்படவில்லை. "ஒன் வலது முட்டிக்குக் கீழ அருவா வெட்டு இருக்கும்டா. கம்பு அறுக்கையில நான் வெட்டுனது. ஆத்தாட்ட சொல்லாதன்னு ஒனக்குக் கருப்பட்டி வாங்கிக் குடுத்தேன்."

உக்கிரபாண்டி வேட்டியை இழுத்து முட்டியை மூடினார்.

"நாய் கடிச்சதுன்னுல்ல எங்கிட்டச் சொன்னீக?" என்றாள் ராக்கம்மாள்.

உக்கிரபாண்டி அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். அந்தப் பெரிய உடம்பு அழுவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. வெளியே போகலாமென்று எழுந்தேன். ராக்கம்மாள், "இருங்க சார், நீங்களும் கேளுங்க" என்றாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்த உக்கிரபாண்டி கேட்டது இதுதான்.

"நீ உசுரோட இருந்தா, இருவத்தஞ்சு வருசமா எம்மேல வந்து நின்னது யாருண்ணே?"

"எனக்கென்னடா தெரியும்? நான் அங்க ரப்பர்ல பால் வெட்டிக்கிட்டு இருந்தேன்."

"பொய்யில்லண்ணே. சத்தியமா வந்துச்சு. ஒடம்பு நடுங்கும், நாக்கு வறண்டுபோகும். ஒங்கொரலுதான் பேசும்."

"எங்கொரலு ஒனக்கு எங்கிட்டுடா நெனப்பிருக்கு?"

"அந்தப் பொம்பளைகளுக்கு நான் என்ன சொல்லட்டும்? தெக்குத்தெரு முத்துத்தாய் மகன் சண்டைக்குப் போயி ரெண்டு மாசமாக் கடுதாசி இல்ல. வருவான்னு சாமி சொல்லியிருக்கு. நாஞ் சொல்லலண்ணே, சாமி சொன்னுச்சு. நீ இங்கன வந்து நின்னா அது யாரு சொன்னதுன்னு அவ கேக்க மாட்டாளா?"

காளை வீங்கிய காலைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் கோபமோ வருத்தமோ தெரியவில்லை. அவ்வளவு தூரம் வந்த களைப்புதான் தெரிந்தது.

"இப்ப என்னடா செய்யணுங்குற?"

"மாசிப்பச்சை முடியட்டும்ண்ணே. இருவது நாளு. அதுவரைக்கும் காளை கூடப் பட்டாளத்துல இருந்த ஆளு, மலேயாக்காரருன்னு சொல்லிக்குவோம். பெறகு ஊர்க்கூட்டத்துல நானே எந்திரிச்சுச் சொல்லிப்புடுறேன்."

"நல்லாருக்கே ஞாயம்" என்றாள் ராக்கம்மாள். "வீட்டு ஆளை வெளிய வச்சுட்டு, கல்லுக்குக் கெடா வெட்டப் போறாராம்."

"விடு தாயி" என்றார் காளை. "எனக்கு நம்ம வீட்டுக்குள்ள எங்கப்பன் படுத்துருந்த எடத்துல ஒரு கட்டிலு போட்டாப் போதும். எங்கயோ தோட்டத்துல சாகாம இங்கன வந்து, இன்னாரு அண்ணன்னு சொல்லிச் சாகணும். அதுக்குத்தான் வந்தேன். இருவது நாளு பொறுக்க மாட்டனா?"

வெளியாளைப் பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தங்கவைக்க முடியாதே! ஆகவே பிறந்த வீடு இருந்த தெருவின் கோடியில், என் பள்ளிக்கூடத்து அறையில், என் பாய்க்குப் பக்கத்தில் அவர் பாயைப் போட்டார்.

சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். மறுநாளே பருத்தி எடுக்கப் போய்விட்டார். அவருடைய அப்பா நிலம், அவருக்கும் பங்குள்ள நிலம். அதில் கூலியாளோடு கூலியாளாக மடியைக் கட்டிக்கொண்டு நின்றார். மாசி வெயில் ஏறுவதற்குள் ஒரு சால் முடித்துவிடுவார். காலைத் தரையில் ஊன்றி ஊன்றி நடப்பார். பால் வெட்டிய கை. காயிலிருந்து பருத்தியை ஒரு சருகு ஒட்டாமல் உருவும். பத்து மணிக்கு ராக்கம்மாள் கம்பங்கூழும் சுட்ட கருவாடும் கொண்டுவருவாள். முதல் நாள் கூலியாட்கள் தள்ளியிருக்க, அவர் குடித்ததை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இருவத்தோரு வருசமா ஒங்களுக்கு ஆக்கிப் படைச்சுக்கிட்டு இருக்கேன் மச்சான். திங்கிறத இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"நல்லா ஆக்குற தாயி. உப்பு மட்டும் ஒரு கல்லு கூட."

"இம்புட்டு வருசமாச் சொல்லலையே" என்று சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊரில் எல்லோருக்கும் மலேயாக்காரரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. எங்க காளை எப்பிடிச் செத்தான்? அவரும் சளைக்காமல் சொல்வார். ஊர்ப் பெரியவர் கருப்புவிடம் குண்டடி பட்டுச் செத்ததாகச் சொன்னார். டீக்கடையில் வயிற்றுக்கடுப்பு என்றார். பருத்தி எடுக்கும் பெண்களிடம் ஆற்றில் பரிசல் கவிழ்ந்ததாகச் சொல்லி அவர்களை அழவைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் இப்படி ஆளுக்கு ஒரு விதமாச் சொல்றீங்க? பரவைக்காரர் சொன்னதும் ஊருக்குத் தெரியும். மாட்டிக்கப் போறீங்க."

"எல்லாமே உள்ளதுதான் சார். எங்கூட இருந்த பயலுக அப்பிடித்தான் செத்தாய்ங்க. ஆளுக்கு ஒருத்தன் சாவைச் சொல்றேன். எவனாவது ஒருத்தன் அவய்ங்களுக்காக அழட்டுமே."

சாயங்காலங்களில் நான் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்துவேன்; அவர் சுவரில் சாய்ந்து சுருட்டுப் பிடிப்பார். சண்டையைப் பற்றி நான் கேட்டால்தான் பேசுவார். வீரக்கதை கேட்கும் ஆசை எனக்கு இருந்ததை மறைக்கமாட்டேன். அவரிடம் அது கிடைக்கவில்லை.

"தேசத்துக்காகத்தானே சேர்ந்தீங்க?"

"மேடையில பேசுனாக, கேட்டேன், மயிர்க்கூச்செறிஞ்சுச்சு. அது நெசந்தான். ஆனா சேந்தது அதுக்கில்ல. ஜப்பான்காரன் தோட்டத்து ஆளுகளைச் சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சுக்கிட்டுப் போனான். போனவன் திரும்பல. ரயில் ரோடா பட்டாளமான்னு கேட்டா, எவனும் பட்டாளம்னுதான் சார் சொல்லுவான்."

"எத்தனை தடவை சுட்டிருப்பீங்க?"

"மூணு. அதுல ஒண்ணு கொக்கு." கொஞ்சம் யோசித்தார். "சுமந்ததுதான் சார் அதிகம். அரிசி மூட்டை, குண்டுப் பெட்டி, பெறகு ஆளுக. கடைசியில வாழைத்தண்டை அவிச்சுத் தின்னுக்கிட்டு நடந்தோம். நடந்ததுதான் சண்டை."

முத்துத்தாய் ஒருநாள் பருத்திக்காட்டுக்கே அவரைத் தேடி வந்தாள். நான் அன்று ஞாயிற்றுக்கிழமை என்று வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு ஒரே மகன். மார்கழியில் சண்டை முடிந்து பிடிபட்டவர்கள், செத்தவர்கள் கணக்கெல்லாம் பேப்பரில் வந்துவிட்டது. அவன் பெயர் எதிலும் இல்லை, கடுதாசியும் இல்லை. என் மேஜைக்கு வரும் தபாலைத் தினமும் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறவள் அவள்.

"அண்ணே, ஒங்க கூட்டாளி சாமியாயிட்டாரு. வருவான்னு சொல்லிட்டாரு. நான் நம்புறேன். ஆனா நீங்க பட்டாளத்துல இருந்த ஆளு. ரெண்டு மாசம் கடுதாசி இல்லன்னா என்னண்ணே அர்த்தம்?"

"எழுத நேரமிருக்காது ஆத்தா" என்றார் காளை.

அவள் போன பிறகு வெகுநேரம் அவர் செடியைப் பிடித்துக்கொண்டே நின்றார். "நான் இருவத்தஞ்சு வருசம் எழுதல சார். எனக்கு நேரம் இருந்துச்சு" என்றார். "எழுதத் தெரியாது. தோட்டத்துல கணக்கெழுதுற கிராணியார்கிட்டப் போயி நிக்கணும். இந்தத் தீவாளிக்கு எழுதச் சொல்லலாம், அடுத்த தீவாளிக்குச் சொல்லலாம்னு போயிருச்சு. கல்யாணம் முடிச்சேன், பிள்ளையில்ல, அவளும் செத்தா. அப்பறம் எழுதவே கூச்சமாப் போச்சு. இம்புட்டு நாள் கழிச்சு என்னன்னு எழுதுறது? எங்காத்தா வாசல்ல நின்னுருப்பான்னு அப்பத் தோணல." எனக்கு அவர்மேல் அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

மாசிப்பச்சை மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் உடைமரத்தடியில் நிற்க இடமில்லை. சேடபட்டிப் பக்கமிருந்தெல்லாம் மாட்டுவண்டி கட்டி வந்திருந்தார்கள். ராக்கம்மாள் விடிகாலையில் ஆக்கிய ஆட்டுக்கறி, மொச்சைக்குழம்பு, மாவு உருண்டை எல்லாம் இலையில் இருந்தன. அரசாங்கம் புதுசாகத் திறந்துவிட்ட சாராயக் கடைப் புட்டியும், ஒரு கட்டு சுருட்டும் பக்கத்தில். பெட்டியைத் திறந்து காக்கிச் சட்டையைக் கல்லின் மேல் விரித்தார்கள். காளை கூட்டத்தோடு கூட்டமாக வெயிலில் நின்று, தன் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உறுமி முழங்கியது. உக்கிரபாண்டி குளித்த ஈரவேட்டியோடு கல்லுக்கு முன்னால் கண்ணை மூடி நின்றார். வழக்கமாகப் பத்து எண்ணுவதற்குள் தோள் உதறும் என்பார்கள். கால்மணி நேரம் ஆனது. அரைமணி ஆனது. உறுமிக்காரருக்கு வேர்த்து ஊற்றியது. உக்கிரபாண்டியின் உடம்பில் ஒரு மயிர்கூட அசையவில்லை. நடித்திருக்கலாம். இருபத்தைந்து வருஷம் ஆடிய உடம்புக்கு அது ஒரு பெரிய காரியமா? அவர் நடிக்கவில்லை. அந்த ஒன்றுக்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

"என்னமோ தீட்டு இருக்கப்பா" என்றது ஒரு குரல். "சாமி கோவிச்சுக்கிருச்சு" என்றது இன்னொன்று. மஞ்சள் துணி கட்டிய பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். முத்துத்தாய் தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். "எம்பிள்ளை போயிட்டான், அதான் சாமி வரமாட்டேங்குது" என்று அவள் கூவியதும் கூட்டம் முழுக்க அழுகை பரவியது. கருப்பு முன்னால் வந்து, "பெட்டிய மூடுங்கப்பா. சாமி போயிருச்சு போல" என்றார். உக்கிரபாண்டி கண்ணைத் திறந்தார். கூட்டத்துக்குள் அண்ணனைத் தேடின அந்தக் கண்கள். உதவி கேட்டனவா, மன்னிப்புக் கேட்டனவா, எனக்குத் தெரியாது.

காளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஒருமணி நேரம் வெயிலில் நின்றதில் அந்த வலது கால் வழக்கத்தைவிட மோசமாக நடுங்கியது. கல் வரைக்கும் வந்தவரால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. சட்டையை ஒதுக்கிவிட்டுக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கல்லில் மனுஷன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"போதும்டா, அடிக்காதீங்க" என்றார். உறுமி நின்றது. "அழுகாத ஆத்தா. நான்தான் காளை. நான் சாகல."

ஒரு கணம்தான். பிறகு குலவைச் சத்தம் வானத்தைப் பிளந்தது.

"கொலவைய நிப்பாட்டுங்க. சொல்றதக் கேளுங்க. நான் சாமியில்ல. ஆத்தங்கரையில காய்ச்சல்ல கெடந்தேன். செத்துருவேன்னு நெனச்சுப் பரவைக்காரன் என் சட்டையக் கழட்டிக்கிட்டுப் போனான். அவன்மேல தப்பில்ல, அவனுக்குச் சட்டையில்ல." அவர் ஒவ்வொரு வார்த்தைக்கும் கால் உதறிக்கொண்டிருந்தது. "நான் ஒருத்தனையும் கொல்லல. ஓடியாந்தேன். மலேயாவுக்கே திரும்பிப் போயி பாலு வெட்டுனேன். வெரட்டிவிட்டாய்ங்க, வந்துட்டேன். இந்தச் சட்டை என்னுது. இந்தச் சோறு எனக்குப் பசிக்கு வேணும்."

"அம்புட்டையும் சொல்லுதே சாமி!" என்று ஒரு கிழவி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். அவளுக்குப் பின்னால் கூட்டம் முழுவதும் விழுந்தது. நின்றுகொண்டிருந்தது நான், கருப்பு, ராக்கம்மாள், உக்கிரபாண்டி நாலு பேர்தான்.

கருப்பு விவரமான ஆள். உக்கிரபாண்டியின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏப்பா, இத்தனை வருசமா ஒன் ஒடம்புல பேசுன கொரலு. நீ சொல்லு. இது ஒங்கண்ணன்தானா?"

இல்லையென்று சொல்லிவிட்டால் அந்த மனுஷனைச் சாமிக் கல்லில் உட்கார்ந்ததற்காகக் கட்டிவைத்து அடிப்பார்கள். ராக்கம்மாள் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மாமா" என்றார் உக்கிரபாண்டி. அவருடைய சின்னக் குரல் அன்றைக்குக் கூட்டத்தின் கடைசி வரை கேட்டது. "எங்கண்ணன்தான். செத்துப்போகல. உசுரோட வந்து இருவது நாளாச்சு. நாந்தான் ஒங்க எல்லாருட்டயும் மறைச்சேன். என்னையக் கேளுங்க, அவரைக் கேக்காதீங்க." சொல்லிவிட்டு அண்ணன் காலடியில் விழுந்தார்.

கருப்பு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீகளா? சாமி எறங்கி இருவது நாளாச்சாம். இவன் ஒடம்பு தாங்காதுன்னு மலேயாக்காரரைப் புடிச்சிருக்கு!" என்று சொல்லிக் கைகூப்பினார். அவரும் விழுந்தார். பிறகு யார் என்ன சொல்லியும் எடுபடவில்லை. நான் வாயைத் திறந்து, "அவர் நிஜமாவே..." என்று ஆரம்பித்தேன். பக்கத்திலிருந்தவர் என் தலையைப் பிடித்து அமுக்கி, "விழுந்து கும்பிடுங்க சார்" என்றார்.

முத்துத்தாய் மட்டும் ஊர்ந்து வந்து அந்த நடுங்கும் காலைப் பிடித்தாள். "சாமி, எம்மகன் வருவானா?"

காளை அவளைப் பார்த்தார். உண்மையைச் சொல்லவேண்டுமென்று வந்து உட்கார்ந்தவர் அவர்.

"தெரியலையே ஆத்தா. எனக்குத் தெரியாது" என்றார். கூட்டம் திகைத்தது. அவர் குனிந்து அவள் தலையில் கை வைத்தார். "வந்தான்னா, எந்தக் கோலத்துல வந்தாலும் நீ யாருன்னு கேக்காம உள்ள விடு. ஏன் எழுதலன்னு கேக்காத. சோத்தப் போடு."

அவள் அதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டே எழுந்து போனாள். அழுகை நின்றிருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் உக்கிரபாண்டி வீட்டில் கட்டில் போட்டாயிற்று. அப்பா படுத்திருந்த அதே உள்ளறையில், ராக்கம்மாளே சாணி மெழுகிப் போட்டாளாம். தகரப் பெட்டியை எடுத்துப்போகக் காளை பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தனியாக வரவில்லை. பத்தடி தள்ளி இரண்டு பேர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். அவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து என் பாயில் உட்கார்ந்தார்.

"கட்டில் கிடைச்சிருச்சுல்ல?" என்றேன்.

"கெடச்சிருச்சு சார். கால்மாட்டுல சூடம் ஏத்தி வச்சிருக்காய்ங்க, படுக்க முடியல. வாசல்ல நாப்பது பேரு உக்காந்துருக்காக. இனிமே கருவாடு திங்கக் கூடாதாம். வெள்ளி செவ்வா நான் திருநீறு குடுக்கணுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் பொக்கை வாயோடு கொஞ்சம் சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். பெட்டியைத் தூக்க நான் கை கொடுத்தேன். வெளியே நின்றவர்கள் ஓடிவந்து, "சாமி, நாங்க தூக்குறோம்" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவர் வெறுங்கையோடு வாசலில் நின்றார்.

"நானும் உள்ளதத்தான் சார் சொன்னேன். எந்தம்பியும் அம்புட்டுப் பேரு முன்னாடி உள்ளதத்தான் சொன்னான்" என்றார். "கும்புட்டுட்டாய்ங்க சார்."